சீனி போடாத தேத்தண்ணி

தனக்குச் சீனி வருத்தம் வந்ததைக் கொண்டாடிய ஒரு மனிதரை நான் கண்டிருக்கிறேன். அவர் என் உம்மாவின் மூத்த காக்கா, எனக்கு மாமா. பெயர் வேண்டாம். அவருக்கே அந்தப் பெயர் பிடிக்காது, 'மரைக்கார்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். பள்ளிவாசலில் எங்கள் குடிக்கு அவர்தான் தலைவர், அதைத்தான் எங்கள் பக்கத்தில் மரைக்கார் என்பது.

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அவர் உட்காரும் விதத்தை என் புருசன் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவார். முதலில் சால்வையை உதறித் தோளில் போடுவாராம். பிறகு, வெளியே மீன் விலை பேசுகிற ஆட்களுக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி, எனக்குச் சீனி போடாம ஊத்துங்க. டொக்டர் வெலக்கியிரிக்காரு" என்பாராம். யாராவது என்னவென்று கேட்டே தீர வேண்டும். கேட்காவிட்டால் இன்னொரு தேத்தண்ணிக்குச் சொல்லுவார். கேட்டுவிட்டால் போதும். "சீனி வருத்தம். அது சும்மா ஆக்களுக்கு வராது. தலமொறயா நெய்ச்சோறு திண்ட குடிக்குத்தான் வரும்."

இதை என் புருசன் சொன்ன அன்றைக்கு உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், "எங்கட வாப்பா கருவாடு வித்தவரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காக்காவைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல் அவர் வாயில் வராது.

சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும் மாமா சட்டைப் பையிலிருந்து கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலியாண வீடுகளில் சர்க்கரையில் செய்த வட்டிலப்பம் இரண்டு தட்டுத் தின்பார். வருத்தம் அவருக்குப் பட்டம் மாதிரி. பட்டம் வாங்கியவன் பத்தியமா இருப்பான்?

வெளியூர்க்காரருக்கு இங்கே ஒன்று விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் குடி தாய் வழியாக வருகிறது. பிள்ளை தாயின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை, ஆகவே எந்த வாப்பாவும் தான் பெற்ற பிள்ளைகளுக்கு வேறு குடிக்காரர்தான். கலியாணம் முடித்த ஆண் பெண்சாதியின் வீட்டுக்குப் போய்விடுவார், வீடு அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. இதெல்லாம் ஊர் வழமை. கலியாணம் பேசும்போது குடி பார்ப்போம், பள்ளிவாசல் காரியத்தில் குடி பார்ப்போம். மற்றபடி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் வாப்பாதான், அங்கே யாரும் குடி கேட்பதில்லை.

மாமா கேட்பார். "நீ ஆருட குடி?" என்பதுதான் யாரைக் கண்டாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை. ஒரு தடவை எங்கள் வளவில் தேங்காய் பறிக்க ஏறியவன் மரத்தால் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். மாமா அவனுக்குப் பக்கத்தில் குந்தி அதைத்தான் கேட்டார். அவன் வலியோடு பதில் சொன்னான். சொன்ன குடி மாமாவுக்குப் பெரிதாகப் படவில்லை, எழும்பிப் போய்விட்டார். தூக்கியது என் புருசன்தான்.

மாமா கலியாணம் முடித்திருந்தது மருதமுனையில். மாமியின் வாப்பாவுக்கு வீட்டோடு நான்கைந்து தறி, நாவிதன்வெளிப் பக்கம் வயல். அந்த வயல் நெல்லைத்தான் மாமா தின்றார், அந்தத் தறியில் நெய்த சாறனைத்தான் உடுத்தார். ஆனால் மாமியின் ஆட்களைப் பற்றிக் கதைக்கும்போது "நெசவுக்காரர்" என்று ஒரு இழுப்பு இழுப்பார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமி அதைக் கேட்டுக்கொண்டு பாவு நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார். எதிர்த்து ஒரு வார்த்தை கதைத்து நான் கேட்டதில்லை.

ஐம்பத்தேழாம் வருசப் பெரிய வெள்ளம் வருவதற்கு ஒன்றிரண்டு வருசம் முந்தி, மாமாவின் கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. அப்போது ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர், இளம் வயது, சிரிக்கத் தெரியாதவர். புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு அவர் மாமாவிடம் சொன்னாராம்: "உங்கட இரத்த உறவு எல்லாரையும் நான் பாக்கவேணும். இந்த வருத்தம் குடும்பத்தில ஓடுறது. வெளியில ஒண்டும் தெரியாது, ஆனா சலத்தைச் சோதிச்சா முதலே பிடிக்கலாம். முதலே பிடிச்சா ஆளைக் காப்பாத்தலாம்."

வேறு யாரும் இதைக் கேட்டால் பயந்திருப்பார்கள். மாமாவுக்குக் காது குளிர்ந்துவிட்டது. வருத்தம் குடும்பத்தில் ஓடுகிறது என்று ஒரு டொக்டரே சொல்லிவிட்டார், இனி என்ன வேண்டும்? அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று எங்கள் குடிக்காரர் எல்லாரும் ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்குப் போத்தலில் சலம், அதாவது மூத்திரம், கொண்டு வர வேண்டும் என்று அறிவித்தார். கந்தூரிக்குச் சோறு அறிவிக்கிற அதே குரலில்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வருகிறது. மண்ணெண்ணெய்ப் போத்தல், பேதிமருந்துப் போத்தல், அத்தர்க் குப்பி, எது கிடைத்ததோ அதோடு ஆட்கள் வந்தார்கள். பெண்கள் முக்காட்டுக்குள் போத்தலை மறைத்துக்கொண்டு பின் வேலிக் கடப்பால் வந்து என் கையில் திணித்துவிட்டு ஓடினார்கள். எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. மாமி மருதமுனையிலிருந்து சாயம் போட்ட நூல் ஒரு கட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டுக்கொரு நிறம் என்று போத்தல் கழுத்தில் கட்டினேன். தன் பிள்ளைகளுக்கு இல்லாத சோதனைக்கு மாமி நூல் அனுப்பினார் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மாமா நாற்காலி போட்டு நடுமுற்றத்தில் உட்கார்ந்திருந்தார். என் புருசன் வேடிக்கையாக, "மாமா, நானும் ஒரு போத்தல் தரவா?" என்றார்.

"நீங்க வேற குடி, மருமகன். உங்களுக்கு எங்கால வாற?" என்றார் மாமா. அந்த ஒரு விசயத்தில் மட்டும் தற்செயலாகச் சரியாகச் சொன்னார்.

போத்தல்களை மாட்டுக் கரத்தையில் ஏற்றிக்கொண்டு மாமாவும் என் புருசனும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரை ஊற்றி, அதில் சலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார்கள். நீலமாகவே நின்றால் சுகம். பச்சையானால் கொஞ்சம் சீனி. செங்கல் நிறத்துக்கு வந்தால் வருத்தம் முற்றியிருக்கிறது.

மாலையில் மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் குடி கிட்டத்தட்ட முழுவதும் நீலம். நான் நீலம், என் பிள்ளைகள் நீலம். உம்மா ஒருவர்தான் பச்சை. அந்த ஒரு பச்சைதான் அவருக்கு ஆறுதல். "ஒனக்கு வந்திரிக்கி தங்கச்சி. நம்ம ரெண்டு பேருக்கும் வந்திரிக்கி" என்று உம்மாவின் தலையைத் தடவினார். என்னைப் பார்த்து, "ஒனக்கும் இரிக்கும் மகள், இன்னொருக்காக் குடுத்துப் பாரு" என்றார். பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

உம்மா அன்றோடு சீனியை விட்டார். சோற்றைப் பாதியாக்கினார். மாதத்துக்கு ஒருமுறை என் புருசனிடம் போத்தல் கொடுத்தனுப்பினார். பேரப்பிள்ளைகள் கலியாணம் முடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் மௌத்தானார். அந்தச் சிரிக்கத் தெரியாத டொக்டருக்கு நான் இன்றைக்கும் துஆச் செய்கிறேன்.

போத்தல்கள் போன அந்த ஞாயிறு இரவு சோறு தின்னும்போது மாமா ஒரு பகிடி சொன்னார். "டொக்டருக்குப் படிப்பு இரிக்கி, புத்தி இல்ல. எல்லாப் போத்தலையும் பாத்திட்டு, ஒங்கட புள்ளையள்ட எது எண்டு கேக்காரு. நான் சொன்னன், அதுகள் என்ட குடி இல்ல, தாய்ட குடி. அதுகளுக்கு வராது. மனிசன் என்ட மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்காரு. யாழ்ப்பாணத்து ஆளுக்கு என்ன விளங்கும்?"

உம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "காக்கா, அதுகள் நீங்க பெத்த புள்ளையள்தானே?"

"பெத்தா? குடி வேற தங்கச்சி. ரெத்தம் தாயோட போகும். இது கூடத் தெரியாதா ஒனக்கு?"

ரத்தம் தாயோடு போகுமாம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவருடைய இளைய மகனின் மூக்கு அவருடைய மூக்கு. மூத்தவள் சுபைதாவின் நடை அவருடைய நடை. அதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒரு மனிதன் இப்படிக் கதைப்பான் என்றால், அவனிடம் என்ன சொல்வது?

சுபைதா எனக்கு மச்சி. என்னைவிட ஆறேழு வயது இளமை. அறுவடை முடிய அவளுக்குக் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதற்கென்று அவளுடைய உம்மாவின் வாப்பா வைத்திருந்த தறியில் அவளே தன் கலியாணச் சேலையை நெய்துகொண்டிருந்தாள். அந்த வருசம் மழை தொடங்கிய நேரத்தில் நான் மருதமுனைக்குப் போயிருந்தேன். அவளைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனேன். கன்னம் ஒட்டிக் கிடந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. நான் இருந்த நேரத்துக்குள் குடத்துத் தண்ணீர் முடிந்து, இன்னொரு குடம் அள்ளினாள். குடிக்கிறாள், வளவுக்குப் பின்னால் போகிறாள், வந்து திரும்பக் குடிக்கிறாள்.

"என்னகா இது?" என்றேன்.

"தாகம் ராத்தா. என்னெண்டு தெரியா. உம்மா சொல்லுறா, கலியாணப் பயமாம்" என்று சிரித்தாள்.

நான் பின்னால் போய்ப் பார்த்தேன். அவள் போய்வந்த இடத்தில் எறும்பு கூட்டமாக மொய்த்திருந்தது. உம்மாவின் வருத்தத்துக்காக டொக்டர் சொல்லியனுப்பியதெல்லாம் எனக்குத் தெரியும், சலத்தில் சீனி இருந்தால் எறும்பு மொய்க்கும் என்றும் சொல்லியிருந்தார்.

மாமா வாசலில் கால் புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது.

"நெசவுக்காரர்ட குடிக்குச் சீனி வருத்தமா மகள்? கஞ்சி குடிச்ச ஆக்களுக்கு அது எங்கால வரும்?"

"ஒருக்காச் சோதிச்சாப் போதும் மாமா. நீலமெண்டா நல்லந்தானே."

"நம்மட வருத்தத்த எல்லாருக்கும் ஒட்டப் பாக்காத" என்றார். வருத்தத்தை அவர் தனக்கு எழுதிவைத்த வயல் மாதிரிக் காவல் காத்தார். உள்ளே மாமி பாவு நூலைக் கையில் வைத்தபடி நின்றார். எல்லாம் கேட்டிருக்கும்.

நான் சுபைதாவிடம் ஒரு போத்தல் வாங்கினேன். சேலைக்கு வைத்திருந்த சிவப்பு நூலில் ஒரு துண்டை அவளே பிய்த்துக் கட்டித் தந்தாள். மறுநாள் உம்மாவின் போத்தலோடு அதையும் என் புருசன் கொண்டுபோனார். உம்மாவுடையது வெளிறிய பச்சை. சிவப்பு நூல் கட்டியது குழாயில் கொதிக்கத் தொடங்கியதுமே செங்கலாக மாறிவிட்டதாம். டொக்டர் அந்தக் குழாயைக் கையில் பிடித்தபடியே, "இந்தப் பிள்ளையை இண்டைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ. ஊசி இருக்கு, போட்டா பிழைக்கும். பிந்தினா ஏலாது" என்று சொன்னாராம்.

என் புருசன் சைக்கிளை நேரே மருதமுனைக்கு விட்டார். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "போத்தல் மாறிப் பெய்த்து மருமகன். அந்தச் சிவப்பு என்ட தங்கச்சிடதான். நம்மட குடிட போத்தல் அது." என் புருசன் நூல் நிறத்தைச் சொன்னார். மாமா கேட்கவில்லை. செங்கல் நிறம் வந்திருக்கிறது என்றால் அது அவருடைய குடியாகத்தான் இருக்க வேண்டும். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நிறத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் டொக்டரே வந்தார். மாமா கடப்பிலேயே நின்றுகொண்டு, "கலியாணப் புள்ளைய ஆம்புள டொக்டருக்குக் காட்டேலா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். தன் கால் புண்ணை மட்டும் சாறனைத் தூக்கிக் காட்டி, மருந்து கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

பிறகு நடந்தது கொஞ்சம்தான். இரண்டு மூன்று நாளில் சுபைதா சத்தி எடுக்கத் தொடங்கினாள். மாமா தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமி எனக்கு ஆள் அனுப்பினார். நாங்கள் போனபோது அவள் மூச்சு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து கனிந்து அழுகிய பழத்தின் வாசம் வந்தது. மாமி யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக் கரத்தையில் போட்டு, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள், டொக்டர் அன்று வீட்டுக்கே போகவில்லை. பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்கிற நேரம் சுபைதா மௌத்தானாள். சேலையில் அரைவாசி தறியில் கிடந்தது.

மூன்றாம் நாள் கத்தம் ஓதினார்கள். முற்றத்துப் பந்தலுக்குள் ஆண்கள், உள்ளே பெண்கள். மாமா நடுவில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நேரம் அவரைப் பார்க்க எனக்கும் ஒரு கணம் பாவமாக இருந்தது. அப்போது சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்த ஒருவர், "புள்ளைக்கு என்ன நடந்த மரைக்கார்?" என்று கேட்டார்.

மாமா தலையை நிமிர்த்தினார். சால்வையை உதறித் தோளில் போட்டார். தேத்தண்ணிக் கடையில் என் புருசன் கண்ட அதே உதறல்.

"சீனி வருத்தம்" என்றார், பந்தலுக்கே கேட்கிற மாதிரி. "நம்மட குடி வருத்தம். என்ட ரெத்தம்தானே, விட்டுப் போகுமா?"

உயிரோடு இருந்தவரைக்கும் அவள் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. கபுறுக்குள் போன பிறகு அவருடைய ரத்தம்.

மாமி எழும்பினார். அதுவரைக்கும் ஆண்கள் இருக்கிற இடத்தில் குரல் காட்டியே அறியாதவர். வாசலில் கிடந்த மாமாவின் செருப்பையும் கைத்தடியையும் எடுத்துக்கொண்டு பந்தலுக்கு நடுவால் நடந்து போய்க் கடப்புக்கு வெளியே வைத்தார். திரும்பி வந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "மரைக்கார், உங்கட குடிக்குப் போங்க. இது என்ட வாப்பா எனக்குத் தந்த ஊடு."

மாமா எழும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். வீடு மாமியுடையதுதான். ஊர் வழமையைக் கரைத்துக் குடித்த மரைக்காருக்கு அது நன்றாகவே தெரியும்.

அன்றிலிருந்து மௌத்தாகும்வரை மாமா எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தார். உம்மா காக்காவைத் தெருவில் விட மாட்டார். கடையில் சொன்ன அதே குரலில் காலையில் "மகள், சீனி போடாம" என்று கூப்பிடுவார். வருகிற ஆட்களிடம், "என்ட மகளும் இந்த வருத்தத்திலதான் மௌத்தானா" என்று சொல்லுவார். அது அவருடைய துக்கம் என்று என் புருசன் சொல்வார். இருக்கலாம். அதைத் தேடிப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை.

மாதம் ஒருமுறை மருதமுனையிலிருந்து ஒரு போத்தல் வரும். மாமி தன் இளைய மகனுடையதைச் சிவப்பு நூல் கட்டி அனுப்புவார். என் புருசன் அதை உம்மாவுடையதோடு சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். ஒவ்வொரு முறையும் நீலம். அந்தச் செய்தி அன்றைக்கே மருதமுனைக்குப் போய்விடும்.

மாமாவுக்கு நாங்கள் யாரும் சொன்னதில்லை. ஒரு நாள், கண் பார்வை மங்கிய பிறகு, என் புருசனின் சைக்கிள் சத்தம் கேட்டு முன்னறையிலிருந்து கூப்பிட்டார்.

"மகள், அந்தச் சிவப்பு நூல் போத்தல்... என்ன நிறமாம்?"

"அது வேற குடிட போத்தல் மாமா. உங்களுக்கு என்னத்துக்கு?" என்றேன்.

தேத்தண்ணியை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். சீனி போடவில்லை.